முப்பது வருடம் கழித்து ஒரு திருத்தம்



இந்த முறை கோயில் பயணமும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. ஒரு பாடத் திருத்தம். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிடம் கை கட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

ஏழாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு அந்த டின் சோதனை ஞாபகம் இருக்கும். காலி எண்ணெய் டின்னைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைப்போம். ஆவி நன்றாக வந்ததும் இறக்கி, மூடியை இறுக்கிவிட்டு, மேலே குடத்துத் தண்ணீரை ஊற்றுவோம். டமார் டமார் என்று டின் நசுங்கும். கடைசி வரிசைப் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிடுவார்கள். சத்தம் அடங்கியதும் நான் சொல்வேன்: "பார்த்தீங்களா? உள்ளே வெற்றிடம் ஆயிருச்சு. வெற்றிடம் டின்னை உள்பக்கமா இழுத்துக்கிச்சு."

அந்தக் கடைசி வாக்கியம் தப்பு. வெற்றிடம் எதையும் இழுக்காது. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு இழுக்கக் கை ஏது? ஆவி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றியது. குளிர்ந்ததும் அந்த ஆவி நாலு சொட்டுத் தண்ணீராகச் சுருங்கியது. எதிர்த்துத் தள்ள உள்ளே ஆள் இல்லாததால், வெளியே இருந்த காற்று டின்னை நசுக்கியது. புத்தகத்தில் காற்றழுத்தம் என்றுதான் போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று "இழுத்துக்கிச்சு" என்று மாற்றியது நான். இரண்டும் ஒன்றுதானே என்று அப்போது நினைத்தேன். ஒன்றில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்கு என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நீங்களும் கீழே ஊகித்து எழுத வேண்டாம். ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. பதினைந்து வருடமாக ஆய்வகங்களில்தான் இருக்கிறாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். மெமோ. மேலிருப்பவர் சொன்னதைக் கேட்காமல், கருவியைத் திறக்க மறுத்து, ஆராய்ச்சிப் பணிக்கு இடையூறு செய்தது ஏன் என்று ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டுமாம்.

"பதில் எழுதணுங்க டீச்சர். நடந்தது எல்லாம் மண்டைல இருக்குது, எழுதினா கோர்வையா வரமாட்டேங்குது. நீங்க எழுதிக் குடுங்க."

"நீ என்ன கண்ணு பண்ணினே?"

"ஒரு பட்டன் மேல கையை வெச்சு மூடிக்கிட்டேனுங்க. அவ்வளவுதான்."

எனக்குப் புரியாத ஒன்றை என் கையால் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் எனக்குப் பாடம் நடத்த உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம், மூன்று காபி. அந்தக் கடிதத்துக்காகக் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்பது நம் பள்ளி நுண்ணோக்கி மாதிரி கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. ஒரு உலோகப் பெட்டி, அதன் மேல் ஒரு குழாய். குழாயின் உச்சியில் தலைமுடி போன்ற ஒரு டங்ஸ்டன் இழை. பழைய குண்டு பல்பில் இருக்குமே, அதன் அண்ணன். அதை ஏறக்குறைய 2500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் எலக்ட்ரான் கிளம்பும். அதை 15,000, 20,000 வோல்ட் வைத்து முடுக்கி, பெட்டிக்குள் இருக்கும் மாதிரியின் மேல் பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். வழியில் காற்று இருந்தால் எலக்ட்ரான் அதில் மோதிச் சிதறிவிடும். அதனால் பம்பு வைத்துக் காற்றை எடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு.

காற்றை எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லையாம். பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் கருவியே பார்த்துக்கொள்ளும். மாதிரியை மாற்றத் திறக்கும்போதுதான் எல்லா வம்பும். அதுவும் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை திறக்க வேண்டும். ஒரு மாணவர் துருப்பிடித்த கம்பியைக் கொண்டு வருவார், அடுத்தவர் பஞ்சு நூல், அதற்கடுத்தவர் பூவின் மகரந்தம்.

திறப்பதற்கு அவள் வைத்திருக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் உயர் மின்னழுத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு இழையை அணைத்து ஆறவிட வேண்டும். சூடான இழை மேல் காற்றுப் பட்டால் பொசுங்கிவிடும். கண்ணாடி விரிந்த குண்டு பல்பு என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். மாதிரி வைத்த மேடையைக் கீழே இறக்க வேண்டும். படம் எடுக்கும்போது மாதிரி மேலே இருக்கும் லென்சுக்கு ஒரு விரல் அகலத்தில் நிற்கும். இறக்காமல் கதவை இழுத்தால், கதவோடு மேடையும் வெளியே வருகிற கருவிகளில், அது மேலே உள்ள உணர்கருவியை உரசி உடைத்துவிடும். பம்புப் பக்கம் போகும் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பம்புகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகின்றன. ஓடுகிற ஓட்டத்தில் காற்று குபீரென்று பாய்ந்தால் அதன் இறக்கைகள் தாங்காது. இவ்வளவும் ஆன பிறகுதான் காற்று விடுவது.

விடுவதும் அறைக்காற்று இல்லை, உலர்ந்த நைட்ரஜன். இதை நான் நம்பவில்லை. காற்றுக்குக் காற்றுதானே, இதற்குப் போய் சிலிண்டரா என்றேன். "அறைக்காத்துல ஈரம் இருக்குதுங்க டீச்சர். அந்த ஈரம் பெட்டியோட உள்சுவர்ல ஒட்டிக்கும். அப்புறம் பம்பு அதை எடுக்கறதுக்குள்ள பொழுது போயிரும்" என்றாள். துவைத்த ஜமுக்காளத்தை மழை நாளில் காயப்போட்ட கதை. கையுறை போடுவதும் அதற்குத்தான். நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒரு தொடுகையில் உள்ளே ஒட்டினால், வெற்றிடத்தில் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். படத்தில் கறை படியும்.

நைட்ரஜனையும் மெதுவாகத்தான் விட வேண்டும். வேகமாக விட்டால் தூளாக உள்ள மாதிரி, ஊதிய விபூதி மாதிரி பெட்டி முழுக்கப் பறந்துவிடும். தாழ் போட்ட கதவை மறந்துவிட்டு விட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கூடிவிடும். பார்க்கிற ஜன்னல் கண்ணாடி தெறித்து வந்தாலும் வரும். சிலிண்டர் இருக்கிற அறை சின்னதாக, ஜன்னல் இல்லாமல் இருந்தால் இன்னொரு பயம் உண்டு. நைட்ரஜன் விஷம் இல்லை, நாம் விடுகிற மூச்சுக்காற்றில் 78 சதவீதம் அதுதான். ஆனால் கசிந்து அறையை நிறைத்தால் ஆக்சிஜன் குறைந்துவிடும். வாசனையும் இல்லை, இருமலும் வராது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். ஏசி ஓடுகிறதே என்று நினைக்கக் கூடாது. பல ஏசிகள் அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடுகின்றன.

உள்ளும் வெளியும் அழுத்தம் சமமானால் கதவு தானாகத் தளரும். அதுவரை இழுக்கக் கூடாது. இங்கேதான் என் டின் பாடம் வருகிறது.

காற்று நம் மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை வைத்தது போல அழுத்துகிறது. அந்தப் பெட்டியின் கதவு 30-க்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்குங்கள், 900 சதுர சென்டிமீட்டர். 900 கிலோ. ஒரு சின்னக் கார் அந்தக் கதவு மேல் சாய்ந்து நிற்கிறது. உள்ளே இருந்து யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை, வெளியே இருந்து தள்ளுகிறது. காரை நகர்த்தாமல் கதவைத் திறக்க முடியாது. உள்ளே காற்று விட்டால், கார் தானாக விலகிக்கொள்ளும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் அவள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். காலையில் சூடாகப் பொங்கலைப் போட்டு மூடி வைத்தது. ஆறிய பிறகு மூடி அசையவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பப் போனேன். "நெம்பாதீங்க டீச்சர்" என்று வாங்கி, அடியைக் கொஞ்சம் வெந்நீரில் வைத்தாள். இரண்டு நிமிடத்தில் மூடி தானே கழன்றது. நாம் எல்லோரும் வீட்டில் இதைச் செய்கிறோம். ஏன் என்று கேட்டால் "மூடி இழுத்துக்கிச்சு" என்கிறோம்.

பிறகுதான் அவள் நெற்றியைக் காட்டினாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. முதலில் சேர்ந்த வேலையில் ஆனது என்றாள். அது ஒரு வேதியியல் ஆய்வகம். டெசிகேட்டர் என்று ஒரு கனமான கண்ணாடிப் பாத்திரம் உண்டு. ஈரமான பொருளை உள்ளே வைத்துக் காற்றை எடுத்துவிட்டால் சீக்கிரம் உலரும். மூடி 25 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் அதன் மேல் ஏறக்குறைய அரை டன் அழுத்தம். குழாயைத் திருகிக் காற்றை விட்ட பிறகும் மூடி வரவில்லை. காற்றுப் போகும் துவாரத்தைக் கிரீஸ் அடைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. கூட வேலை செய்த பையன் ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் விட்டு நெம்பினான். இவள் எதிரே குனிந்து பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வெடித்தது.

"நீ ஏன் கண்ணு அவ்வளவு பக்கத்துல முகத்தை வெச்சே?"

"உடைஞ்சாலும் உள்பக்கமாத்தானே போகும்னு நெனச்சேனுங்க. வெற்றிடம் உள்ளேதானே இழுக்கும். நீங்க டின்னுல காட்டினீங்க இல்லீங்களா."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவள் குற்றமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விஷயம் இதுதான். தகரம் நசுங்கி நின்றுவிடும். கண்ணாடி நசுங்காது, உடையும். வெளிக்காற்று தள்ளிய வேகத்தில் துண்டுகள் உள்ளே பாயும். அவற்றைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றையொன்று கடந்து எதிர்ப்பக்கம் வெளியே தெறிக்கும். பழைய டிவி படக்குழாய் உடைந்தால் கிட்டே நிற்காதே என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். இழுக்கிறது என்று நினைப்பவள் முகத்தைப் பக்கத்தில் வைப்பாள். தள்ளுகிறது, தள்ளிய வேகம் எங்கேயாவது போயாக வேண்டும் என்று தெரிந்தவள் பின்னால் நிற்பாள். பார்வைக்காகப் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது. நான்கு தையல்.

என் ஒரு வார்த்தையால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்புக் கண்ணாடி தரவில்லை, பாத்திரத்துக்குக் கூண்டு இல்லை, டேப் சுற்றவில்லை, நெம்பக் கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூடியைத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குப் பிற்பாடுதான் தெரியுமாம். ஆனாலும் அந்தப் பட்டியலில் என் வார்த்தையும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

நம் கொங்கு மண்ணில் இருந்துகொண்டு இதை நான் தப்பாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய வெட்கம். என் அப்பா கிணற்றில் கரண்ட் மோட்டார் வைத்திருந்தார். தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரைக் கிணற்றுக்குள் திட்டு வெட்டி இறக்கி இறக்கி வைப்பார். மேலேயே வைத்து இன்னும் பெரிய மோட்டார் போட்டால் இழுக்காதா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எத்தனை குதிரைசக்தி போட்டாலும் 25 அடிக்கு மேல் ஏறாது என்பார். காரணம் அவருக்குத் தெரியாது, அளவு தெரியும். காரணம் இதுதான். மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயில் இருக்கும் காற்றை எடுக்கிறது, கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. காற்றின் பலம் மொத்தமே 34 அடித் தண்ணீருக்குத்தான். குழாய்க் கசிவு, உராய்வு எல்லாம் போகக் கைக்கு வருவது 25 அடி. இழுப்பது மோட்டாராக இருந்தால் பெரிய மோட்டார் கூட இழுத்திருக்க வேண்டுமே? வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கிணறு இருந்தது. இதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சோதனையில் குதிரைகளைப் பற்றியும் சொன்னேன், அதிலும் முக்கியமானதை விட்டுவிட்டேன். ஜெர்மனியில் மக்டபர்க் நகரத்தின் மேயர் ஓட்டோ வான் கெரிக். இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒட்ட வைத்து, பம்பு வைத்து உள்காற்றை எடுத்தார். 1657-ல் பக்கத்துக்கு 8 என்று 16 குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்கத் திணறின. படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், குதிரை என்று நான் வரைந்ததைப் பார்த்து நீங்கள் கழுதையா டீச்சர் என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோளத்தில் ஒரு சின்னக் குழாய் இருந்தது. அதைத் திறந்து காற்றை உள்ளே விட்டால், குதிரைகளுக்கு அடங்காத கோளம் கையால் பிரிந்துவிடும். எந்தப் புத்தகத்திலும் குதிரைகளைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், குழாயைத் திருகுகிற ஆளைப் போடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. அதற்கு முன் அவர் ஒரு செம்புக் கோளத்தில் காற்றை எடுத்துப் பார்த்தபோது அது திடீரென்று பெரும் சத்தத்தோடு நசுங்கி, கூட இருந்தவர்கள் அரண்டு போனார்கள். வெற்றிடத்தின் கதை தொடக்கத்திலேயே எச்சரிக்கையோடுதான் வந்திருக்கிறது.

சரி, மெமோவுக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மாதிரி பார்க்க வேண்டியது. மணி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவதாக ஒன்றையும் போடச் சொன்னார் ஆராய்ச்சி மாணவரின் வழிகாட்டி. அது சரியாக உலராத பொடி. ஈரமான பொருள் வெற்றிடத்துக்குள் போனால் ஈரமெல்லாம் ஆவியாகி, பம்பு திணறும், கருவி அழுக்காகும். அதோடு இழை இன்னும் ஆறவில்லை, பழைய கருவி, புதியவற்றில் இருப்பது போல எல்லாவற்றுக்கும் தானியங்கிப் பூட்டு அதில் கிடையாது. இருபத்தைந்து நிமிடம் ஆகும், பொடியை உலர வைத்து நாளைக்குக் கொண்டு வாருங்கள், முதல் ஆளாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "தொறந்து மூடற வேலைக்கு இருபத்தஞ்சு நிமிஷமா?" என்று அவர் காற்று விடுகிற பட்டனுக்குக் கையைக் கொண்டு போனார். இவள் அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

மரியாதைக் குறைவு என்று மெமோவில் இருக்கிறது. நான் நினைப்பதை நேராகச் சொல்கிறேன். வெற்றிடக் கருவியைத் திறக்கும் நேரத்தில் பதவி பார்க்கக் கூடாது. வால்வில் கை வைத்திருப்பவர் சொல்வதுதான் கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். அவர் தற்காலிக ஊழியராக இருக்கட்டும், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவராக இருக்கட்டும். லிப்ட் ஆபரேட்டர் கதவு மூடவில்லை என்று சொன்னால் கலெக்டராக இருந்தாலும் நிற்கிறார் அல்லவா? ஆனால் கல்லூரிகளில் நிலைமை வேறு. கருவிக்கு லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் செலவழிப்பார்கள். திறப்பு விழாவில் யார் யாரோ பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதைத் தினமும் ஏழெட்டுத் தடவை திறந்து மூடுகிறவர் பேச்சுக்கு மட்டும் மதிப்பில்லை.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். என் தம்பி மகன் ஆராய்ச்சி செய்கிறான். வெளியூர்க் கருவிக்கு மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, விடிகாலைப் பஸ் பிடித்து, மாதிரியைச் சோற்று டப்பா மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போய் நிற்பவன். அவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. "வென்ட் ஆகுது, வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் திரும்பாத ஆட்களையும் பார்த்திருப்பதாகச் சொல்கிறான். அப்படியும் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். அதற்காகக் காத்திருப்பதே சோம்பேறித்தனம் என்று ஆகிவிடாது. குக்கரில் ஆவி அடங்கக் காத்திருக்கும் மருமகளைச் சோம்பேறி என்று எந்த மாமியாரும் சொன்னதில்லை. குக்கரில் உள்ளிருந்து தள்ளுகிறது, இங்கே வெளியிலிருந்து தள்ளுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதிச் சண்டை நேரக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்று பதிவு நோட்டில் எழுதும்போது படம் எடுக்கும் நேரத்தை மட்டும் எழுதுகிறார்கள். திறக்க, ஆற, மூட, மறுபடி காற்றை எடுக்க ஆகும் நேரம் யார் கணக்கிலும் வருவதில்லை. ஆக, அந்த இருபத்தைந்து நிமிடம் ஊழியரின் சட்டைப் பையிலிருந்து போகிறது, அல்லது கருவியின் ஆயுளிலிருந்து போகிறது. ஒரு மாதிரியை மாற்ற இவ்வளவு நேரம் என்று சேர்த்தே எழுதினால் பாதி மெமோக்கள் வராது. வசதி உள்ள இடங்களில் முன்னறை ஒன்று வைத்த கருவி வாங்குகிறார்கள். பெரிய பெட்டியைத் திறக்காமல், அந்தச் சின்ன அறைக்கு மட்டும் காற்று விட்டு மாதிரியை மாற்றலாம், நேரம் குறையும். வாங்கும்போதே யோசித்தால்தான் உண்டு.

உங்களில் பத்துப் பன்னிரண்டு பேராவது இப்போது கல்லூரிகளில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் துறைத் தலைவர்கள். உங்கள் ஆய்வகத்தில் வெற்றிடப் பாத்திரம் எதுவாக இருந்தாலும், நாளைக்குப் போய் நான்கு விஷயம் மட்டும் பாருங்கள். கண்ணாடிப் பாத்திரத்துக்குக் கூண்டோ டேப்போ இருக்கிறதா, கண்ணுக்குக் கவசம் எல்லோருக்கும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, நைட்ரஜன் இருக்கும் அறையில் வெளிக்காற்று வருகிறதா, திறக்க வேண்டாம் என்று சொன்ன ஊழியருக்கு உங்கள் ஆதரவு இருக்கிறதா. நான்காவதை அலமாரியில் தேடினால் கிடைக்காது, அவரிடமே கேட்க வேண்டும்.

ஆசிரியராக இருக்கிற பிள்ளைகளே, டின் சோதனையை விட்டுவிடாதீர்கள், அது நல்ல சோதனை. அடுப்பை அணைத்த பிறகுதான் மூடியை இறுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், பிள்ளைகளை நாலு அடி தள்ளி நிறுத்துங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம். டின் நசுங்கியதும் உடனே நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். "யார் நசுக்கியது?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

கடிதத்தை ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன். எந்த நேரத்தில் என்ன நடந்தது, இழை எவ்வளவு சூடு, ஆறாமல் திறந்தால் என்ன ஆகும், பொடி ஏன் உலர வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. கடைசியில் பழக்க தோஷத்தில், "இதனால் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறேன்" என்று ஒரு வரி போட்டு அவளிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு என் பேனாவை வாங்கி அந்த வரியை மட்டும் அடித்தாள்.

"வருந்தலீங்க டீச்சர். காத்திருங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

என் கையெழுத்தில் ஒரு மாணவி அடித்தல் போட்டது அதுதான் முதல் தடவை. சுத்தமாக மறுபடி எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை கொடுக்கிறாள். என்ன பதில் வந்தது என்று பிறகு எழுதுகிறேன்.